பாப்பா செய்திகள்

எங்கள் பாப்பாவுக்கு முதல் பல் முளைத்த சேதியைச் சவூதிக்குச் சொன்னவள் நான்தான். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது, நின்ற இடத்திலேயே சுவர்ச் சுண்ணாம்பை நக்கித் தின்றது எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா செய்திகள், வாசிப்பது உங்கள் மூத்த மகள்" என்று ஆரம்பிப்பேன். ரேடியோவில் வாசிப்பவர்களைப் போல ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொல்வேன். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் அந்த நாளில் பாதி வீடுகளில் ஆம்பளை இருக்க மாட்டார், டேப் ரெக்கார்டர் இருக்கும். எங்கள் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சவூதியில் தம்மாம் என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. ஃபோன் எங்கள் வீட்டில் கிடையாது. அத்தாவின் அக்கா வீட்டில், அதாவது அடுத்த தெரு மாமி வீட்டில், இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கோம்", "சாப்பிட்டீங்களா" என்று விசாரித்து முடிப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள், லைனும் போய்விடும். மனசுவிட்டுப் பேசுவதெல்லாம் கேசட்டில்தான். அங்கிருந்து லீவில் வருகிறவர்களிடம் அத்தா பேசி நிரப்பிய கேசட், சோப்பு, நகவெட்டி, தலைவலித் தைலம் எல்லாம் ஒரே பையில் வரும். இங்கிருந்து போகிறவர்களிடம் எங்கள் கேசட்டும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் போகும். ஒருமுறை ஊறுகாய் எண்ணெய் கசிந்து கேசட்டில் இறங்கிவிட்டது. அப்படியும் துடைத்துப் போட்டுக் கேட்டதாக அத்தா சொன்னார்.

அம்மா நாலு மாசமாக இருந்தபோது அத்தா சவூதிக்குப் பயணம் போனார். அதனால் பாப்பாவை அவர் பார்த்ததே இல்லை. நான் வாசித்த செய்திகளில் இருந்துதான் அவளைத் தெரியும். அவர் கேட்கிற கேள்விகளுக்கு அளவே கிடையாது. "எந்த விரலச் சூப்புது? தூங்குறப்ப கண்ண முழுசா மூடுதா, பாதி தொறந்து வச்சிருக்கா? பருப்புச் சோறு எறங்குதா?" நான் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பேன். பாப்பா நடுவிரல் இரண்டையும் சேர்த்துச் சூப்புவாள். இன்னொரு கை அம்மாவின் கருகமணியை முறுக்கிக்கொண்டே இருக்கும். தூளியில் ஒரு காலை வெளியே தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும். முதல் வாய்ச் சோற்றைத் துப்பிவிட்டு இரண்டாவது வாயிலிருந்துதான் தின்பாள். அத்தா அவ்வளவையும் கேட்டுவிட்டு, அடுத்த கேசட்டில், "இப்பவும் மொத வாய்ச் சோத்தத் துப்புதா?" என்று மறக்காமல் கேட்பார்.

அம்மாவுக்கு டேப் ரெக்கார்டர் பெட்டி முன்னால் பேச்சே வராது. சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் முக்காட்டைச் சரியாக இழுத்து விட்டுக்கொள்வாள், அத்தாவே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதுபோல. பிறகு, "நீயே சொல்லு புள்ள" என்று என்னை முன்னால் தள்ளிவிடுவாள்.

பாப்பாவுக்குப் பத்துப் பதினோரு மாசம் இருக்கும். அத்தாவின் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாக்கை மேல் அண்ணத்தில் அடித்து, "ட்டொக், ட்டொக்" என்று குதிரைச் சத்தம் போடுவார், பாப்பாவுக்காகவே. அவள் தவழ்ந்துபோய் ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்தாள். "த்தா" என்றாள். அம்மா எப்போது கேசட் போட்டாலும், "அத்தா பேசுறாங்க பாரு" என்று பெட்டியைத்தானே காட்டுவாள். பாப்பாவும் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். பெட்டிதான் அத்தா.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அத்தான்னு சொல்லிருச்சுன்னு சொல்லு. பொட்டியப் பாத்துத்தான் சொல்லுதுன்னு மட்டும் சொல்லிப்புடாத. பாவம், மனசு கஷ்டப்படுவாங்க" என்றாள். நான் முதல் பாதியை மட்டும் வாசித்தேன். அத்தாவிடமிருந்து பதில் கேசட் வந்தது. அதில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரூம்ல இருக்குற எட்டுப் பேருக்கும் நானே பிரியாணி ஆக்கிப் போட்டேன்" என்றார்.

அதிலிருந்து பாப்பாவின் பழக்கமெல்லாம் பெட்டியைச் சுற்றியே வளர்ந்தது. ரஸ்க்கைக் கடித்துத் தின்பாள், மிச்சத்தைக் கேசட் போடுகிற வாயில் திணிப்பாள். தூங்கப் போகும்முன் ஸ்பீக்கரில் வாயை வைத்து முத்தம் கொடுப்பாள். எச்சில் பட்டுப் பட்டு அந்த வலை துருவேறிவிட்டது. கேசட் முடிந்து 'டக்'கென்று நின்றால் கீழுதடு பிதுங்கும். அழுகைக்கு முன்னால் அவள் உதடு அப்படிப் பிதுங்குவதை நான் ஒரு தனிச் செய்தியாகவே வாசித்திருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். பாப்பா பிறப்பதற்கு முன்னால் கேசட்டின் முதல் பக்கம் முழுக்க எனக்குத்தான். நான் வாய்ப்பாடு ஒப்பித்து அனுப்புவேன், அவர் அங்கிருந்து தப்பைத் திருத்துவார். பள்ளிக்கூடத்தில் யார் கிள்ளியது, யார் பென்சிலை எடுத்தது எல்லாவற்றுக்கும் பேர் சொல்லி ஞாயம் கேட்பார். பாப்பா வந்த பிறகு முதல் பக்கமும் அவளுக்கு, இரண்டாம் பக்கத்தில் பாதியும் அவளுக்கு. கடைசியில், டேப் முடிகிற நேரத்தில், "பெரிய பாப்பா நல்லாப் படி, அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்பார். 'இரு' என்பது பாதியில் வெட்டுப்படும். அந்த ஒரு வரிக்காக நான் முழுக் கேசட்டையும் உட்கார்ந்து கேட்பேன். எனக்கு வயிறு எரிந்தது. இதைவிடக் கௌரவமான வார்த்தை இல்லை. அவள் பல்லையும் பருப்புச் சோற்றையும் சவூதி வரைக்கும் வாசித்துவிட்டு நானே வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

லீவு கிடைத்துவிட்டது என்று சொன்ன கேசட்டில் அத்தா ஒன்றைக் கேட்டார். "யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேணாம். வூட்டுலயே இருங்க. நான் வந்து நிக்கிறப்ப அது என்னயப் பாத்து அத்தான்னு கூப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா பயந்துபோனாள். அன்றைக்கே பெட்டியை மூடி அதன்மேல் பூப்போட்ட மேசைத் துணியைப் போர்த்திவிட்டாள். ஒரு மாசம் கேசட்டே போடவில்லை. அத்தாவின் பாஸ்போர்ட் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் அத்தா, இதுதான் அத்தா" என்று நாள் முழுக்கப் பாடம் நடத்தினாள். பாப்பா போட்டோவை நக்கிப் பார்த்தாள், கசக்கினாள், ஒருமுறை அடுப்புக்குள் போடப் பார்த்தாள். நாலாவது வாரம், பத்துத் தடவை கேட்டால் ஒரு தடவை, போட்டோவைப் பார்த்து, "த்தா" என்றாள். அம்மா நன்றியோடு மேலே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்க வந்து பழகுற வரைக்கும் அந்தத் துணிய யாரும் எடுக்கக்கூடாது. புரிஞ்சுதா?" என்றாள்.

"புரிஞ்சுதும்மா" என்றேன். நன்றாகவே புரிந்திருந்தது.

அத்தா சென்னையில் இறங்கிக் கார் பிடித்துக் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டிவிட்டது. வீடு முழுக்க ஆட்கள். மாமி, மாமா, பக்கத்து வீட்டார், தங்கள் வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்கள். நான் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தேன். "பாப்பா செய்திகள், இன்று சிறப்புச் செய்தி" என்று தொடங்கி எட்டு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அத்தா உள்ளே வந்து எல்லாருக்கும் சலாம் சொன்னார். என் தலைமேல் கை வைத்தார். கைதான் என் மேல் இருந்தது, கண் எனக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தது. "பாப்பா எங்க?" என்றார்.

பாப்பா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தா வெடுக்கென்று தூக்கிவிடவில்லை. பாய் விரித்து உட்கார்ந்தார். சாவி கொடுத்தால் நடக்கிற பொம்மை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். வேறு எங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, "ட்டொக், ட்டொக்" என்றார்.

பாப்பா தலையைத் தூக்கினாள். இரண்டு விரலும் வாயில். அவர் மறுபடியும், "ட்டொக்" என்றார். அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே இறங்கினாள். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டு மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினாள். அத்தா கையை நீட்டவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்காக அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை என்று அந்த நிமிஷத்தில் முடிவுகட்டினேன்.

நான் பெட்டியின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. தெரியாமல் கை பட்டுவிடவும் இல்லை. துணியை உருவினேன். "பாப்பா, அத்தா எங்க?" என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். ஒரு மாசமாகக் காணாமல் போயிருந்த அத்தா அங்கே இருந்தது. தத்தித் தத்தி ஓடி வந்தாள், விழுந்தாள், எழுந்தாள், இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு துருப்பிடித்த வலையில் வாயை வைத்தாள். "அத்தா" என்றாள். அதுவரை 'த்தா'தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முழுசாக வந்தது.

"அட, பொட்டியப் போயி அத்தாங்குதே" என்றாள் மாமி. வீடே சிரித்தது. மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார், எல்லாருக்கும் கடைசியில். மடியில் இருந்த பொம்மையை எடுத்துப் பாயில் வைத்தார்.

அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்தாள். "நீயா துணிய எடுத்த?"

"பாப்பாதாம்மா இழுத்துச்சு" என்றேன்.

பாப்பா அப்போது மூன்று அடி தூரத்தில் நின்றதை அம்மா கண்ணாலேயே பார்த்திருந்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. தேநீர்க் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு அறை விட்டிருந்தால் இந்தக் கதையை நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

மறுநாள் எல்லாரும் போன பிறகு அத்தா பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். "இது ஏன் இப்புடித் துரு ஏறிக் கெடக்கு?" என்று கேட்டார். "அது வாய வச்சு வச்சு அப்புடி ஆயிருச்சுங்க" என்றாள் அம்மா. அவர் பெருவிரலால் வலையைத் தேய்த்தார். விரலில் ஒட்டிய துருவைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். ஒருநாள் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குதிரைச் சத்தம் போட்டார். பாப்பாவுக்கு ஒரே குஷி. வலையில் காதை வைத்தாள், தட்டினாள், சிரித்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தவள், அங்கே மீசையோடு ஒரு முகத்தைக் கண்டு வீறிட்டாள். அழுகை அடங்க அரைமணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அத்தா குதிரைச் சத்தம் போடவே இல்லை.

நாள் போகப் போகப் பழகினாள், இல்லை என்று சொல்ல முடியாது. ரஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். கடைசி வாரத்தில் அவர் தேநீர் குடித்து முடிக்கிறவரை மடியில் உட்கார்ந்தாள். முதல் வாய்ச் சோற்றை அவர் உள்ளங்கையிலேயே துப்பினாள், அவர் அதை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன இடத்திலெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஆனால் வீட்டுக்கு வருகிற ஆம்பளைகளை எல்லாம் பாப்பா எப்படிக் கூப்பிடுவாளோ அப்படித்தான் அவரையும் கூப்பிட்டாள். மாமா. அம்மா திருத்தப் போனாள். "வுடு" என்றார் அத்தா. பாப்பா, "மாமா" என்று கூப்பிடுவாள், அவர், "என்னம்மா" என்பார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாற்பத்தைந்தாவது நாள் கார் வந்து நின்றது. அம்மா இடுப்பில் இருந்தபடி பாப்பா கையை ஆட்டினாள். "மாமா, டாட்டா" என்றாள். அத்தா குனிந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "பாப்பாவப் பத்திரமாப் பாத்துக்க. செய்தி வாசிக்கிறத வுட்றாத" என்றார். துணியை எடுத்தது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கார்க்கதவு சாத்தியதும், அப்பாடா, இனி சொல்ல வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது.

மூன்று மாசம் கழித்து அடுத்த தெருக்காரர் ஒருவர் வந்தார். பையில் சோப்பு, தைலம், கேசட். அம்மா பெட்டியைத் துடைத்துக் கேசட்டைப் போட்டாள். "பெரிய பாப்பா, நல்லா இருக்கியாம்மா?" என்று அத்தா ஆரம்பித்தார். முதல் பக்கம் முழுக்க எனக்கே பேசினார். ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கே தடுக்குகிறாய், உன் பக்கத்தில் உட்காருகிற பெண் இப்போது பேசுகிறாளா, பச்சைப் பாவாடை உனக்கு நன்றாக இருந்தது, அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். எனக்குக் கால் தரையில் இல்லை. பாப்பா ஓடி வந்து வலைமேல் கையை வைத்து, "அத்தா, அத்தா" என்று தட்டிக்கொண்டே இருந்தாள். நான் கேட்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவள் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் இல்லை. உஸ் என்ற சத்தம் மட்டும் வந்தது. நடுவில் எங்காவது பேசியிருப்பார் என்று அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பா வலையில் வாயை வைத்துக் காத்திருந்தாள். கடைசியில் 'டக்' என்று நின்றது. கீழுதடு பிதுங்கியது.

"அத்தா பாப்பாவ மறந்துட்டாங்க" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"வேலையா இருந்திருப்பாங்க" என்றாள் அம்மா.

அடுத்த கேசட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். ஒரு பக்கம் எனக்கு, ஒரு பக்கம் வெறும் டேப். கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில், பெட்டிக்குள்ளிருந்து தன் குரல் கேட்கக் கேட்கப் பாப்பா பெட்டியைத்தான் அத்தா என்பாள், இனி அவளோடு கேசட்டில் பேசக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார், அதைப் பிறகு அம்மாவுக்கு ஒரு கடிதத்திலும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அம்மா எனக்குக் காட்டியபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. எனக்குக் கிடைத்தது பரிசு இல்லை, பாப்பாவிடமிருந்து நான் பிடுங்கியது. இன்றும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆனால் அந்த வயதில் எனக்கு அத்தாவைக் குளிர்விக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது. செய்த தப்புக்கு எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்றும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷக் கடைசியில், போகிறவர் ஒருவர் கையில் கொடுக்கக் கேசட் பேச உட்கார்ந்தோம். அம்மா சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். நான் நல்ல சேதி ஒன்று வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"பாப்பா செய்திகள். பாப்பா இப்போது பெட்டியின் பக்கமே போவதில்லை. பெட்டியை அத்தா என்று கூப்பிடுவதை அடியோடு மறந்துவிட்டாள். இப்போது அவள் யாரையுமே அத்தா என்று கூப்பிடுவதில்லை."

ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் வாசித்தேன். அம்மா ஏன் தலையைக் குனிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. அடுத்த கேசட்டில் அத்தா என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.